புதையலைக் காத்த பூதமும் புதையலை இழந்த மக்களும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசுவதே மரபு. அதனைப் பேசத் தகுதியுடையோர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றனர். ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். நம் வட்டாரத்தில் வழங்கும் புதையல் கதைகளே அப்பொருள். "இது பாட்டிமார் திண்ணையில் பேசும் பேச்சாயிற்றே, விழா மேடைக்கு ஏற்றதா?" எனச் சிலர் முறுவலிக்கக்கூடும். ஆனால் இக்கதைகளை நம்பித் தம் கைப்பொருளை இழந்த இளைஞர்கள் நம்மிடையே உண்டு. அதைவிடப் பெரிய இழப்பும் ஒன்றுண்டு. கதையில் வரும் புதையலைத் தேடியவர்கள், நம் கண்முன்னே கிடந்த மெய்யான புதையலைக் காணாமற் போயினர். இவ்விரண்டையும் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

கதைகள் சொல்லும் செய்தி

வேலூர்க் கோட்டையைப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கருங்கற் கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரை நிலத்தடியில் ஒரு சுரங்கவழி உண்டு என்று நம் முன்னோர் கூறுவர். அவ்வழியில் அரசர்கள் பொன்னை ஒளித்துச் சென்றனர் என்றும் கதை நீளும். தொல்லியல் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தும் அப்படியொரு வழிக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் கதை மட்டும் வாழ்கின்றது. அது வாழ்வதற்குக் காரணமும் இருக்கின்றது. 1749 ஆகஸ்டு 3ஆம் நாள் ஆம்பூருக்கருகில் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன்கான் மாண்டார். திப்பு சுல்தானின் மக்கள் வேலூர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்தனர். 1806 சூலை 10ஆம் நாள் அக்கோட்டையிலேயே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். படைகள் வந்தும் போயும் கொண்டிருந்த மண்ணில், ஓடியவர்கள் எதையோ புதைத்துவிட்டு ஓடியிருப்பார்கள் என்று மக்கள் எண்ணியது இயல்பே.

அரசர்களின் கதை ஒருபுறம் இருக்கட்டும். நம் சேரிகளில் சொல்லப்படும் கதை சற்று வேறானது. நீங்கள் அனைவரும் கேட்டதுதான். ஏழை உழவன் ஒருவன் நள்ளிரவில் ஏற்றம் இறைத்துக்கொண்டிருக்கிறான். மண்ணுக்கடியில் கொப்பரை உருளும் ஓசையும் சங்கிலி இழுபடும் ஓசையும் கேட்கின்றன. "வரட்டுமா? வரட்டுமா?" என்று ஒரு குரல் எழுகின்றது. "வா" என்று அவன் சொன்னால் பொன் நிறைந்த கொப்பரை வெளிப்படும். ஆனால் அதனைக் காக்கும் பூதம் விலை கேட்கும். தலைச்சன் பிள்ளையின் குருதியே அந்த விலை. சில ஊர்களில் உழவன் அஞ்சி ஓடிவிடுகிறான். சில ஊர்களில் ஆசைக்கு ஆட்பட்டுப் பிள்ளையையும் இழக்கிறான், பொன்னையும் இழக்கிறான். வேறு சில ஊர்களில் கொப்பரையைக் கண்டவன் அச்செய்தியை நிலக்கிழாரிடம் சொல்ல, மறுநாள் அவர் வீடு மாடி வீடாகிறது. கண்டவனோ பேச்சற்றுப் போகிறான்.

இதனை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் எளிது. சற்றே ஆய்ந்து நோக்குவோமாக. இக்கதையில் நிலம் பிறருடையது. மண்ணை வெட்டுபவன் நம்மவன். மண்ணுக்கடியில் செல்வம் இருப்பதை அவனே முதலில் அறிகிறான். பலியாகக் கேட்கப்படுவதும் அவன் பிள்ளையே. இறுதியில் செல்வம் சேர்வதோ வேறொருவர் வீட்டில். நிலமின்றி உழைத்த ஒரு மக்கட்கூட்டம் தன் வாழ்க்கையைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட முறை இது. எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள் தம் வழக்கை வேறெங்கு எழுதுவர்? கதையில் எழுதினர்.

கதை மெய்யான இடம்

புதையல் கதையொன்று மெய்யானதும் உண்டு. அதற்குத் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. சோலையார்பேட்டையில் இரயில் ஏறினால் சில மணி நேரத்தில் சென்றடையும் கோலார் தங்கவயலே அவ்விடம்.

அப்பகுதியின் மண்ணில் பொன் கலந்திருக்கிறது என்ற பேச்சு நெடுநாளாக மக்களிடம் வழங்கிவந்தது. 1802ஆம் ஆண்டளவில் நில அளவைப் பணிக்கு வந்த ஜான் வாரன் என்னும் படை அலுவலர் அப்பேச்சைக் கேட்டு, பொன்னைக் காட்டுவோர்க்குப் பரிசு அறிவித்தார். ஊர் மக்கள் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து அவர் முன்னே நீரில் அலசிப் பொன்துகளைப் பிரித்துக் காட்டினர். அவர் எழுதிவைத்த குறிப்பைப் பல ஆண்டுகளுக்குப் பின் படித்த லாவெல் என்பவர் 1870களில் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தனர். மக்கள் அறிந்திருந்த செய்தி, எழுதத் தெரிந்தவரின் குறிப்பேட்டில் ஏறியபின் உரிமையாக மாறியது. ஆனால் அவ்வுரிமை மண்ணை அலசிக் காட்டியவர்களுடையதாக ஆகவில்லை என்பதைக் கருத்திற் கொள்ளுங்கள்.

அச்சுரங்கத்தில் இறங்கியவர்கள் யார்? வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைக்கும் தப்பிச் சென்ற நம் உறவினர்களே அவர்களுள் பெரும்பகுதியினர். இங்கே அமர்ந்திருப்போரில் தங்கவயலில் உறவு இல்லாதவர் சிலரே இருப்பர். நிலத்துக்கடியில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழம் வரை அவர்கள் இறங்கினர். அங்கே பாறை சுட்டது. அழுத்தம் தாங்காத பாறை வெடித்துச் சிதறியது. கல்தூசு நுரையீரலில் படிந்து இளமையிலேயே பலரை இருமவைத்தது. பணி முடிந்து மேலே வந்தோரின் உடலைச் சோதித்த பின்னரே வீட்டுக்கு விட்டனர். 1902இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து அச்சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. தொழிலாளர் குடியிருப்புகளோ தகர வேலிக்குடிசைகளாகவே நெடுங்காலம் இருந்தன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குள் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் அங்கிருந்து எடுக்கப்பட்டிருந்தது. இன்று எஞ்சி நிற்பது சயனைடு கலந்த மண்மேடு.

பூதம் தலைச்சன் பிள்ளையைக் கேட்டது என்று நம் பாட்டி சொன்னது பொய்யா? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல் தொழிலையும் இவ்வாறே நோக்கலாம். சுண்ணாம்புக் குழியில் நின்று, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் கைவிரல் வெந்து, நம் தந்தையர் பதப்படுத்திய தோல் கடல் கடந்து பொன்னாயிற்று. அத்தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்குதவாமற் போனதை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் கொள்கையையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியென நிலைநாட்டியது. அவ்வழக்கை வென்றது மந்திரமன்று, மனு.

நம்மை ஏய்க்கும் புதுக்கதை

இனி இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய கொப்பரை இன்று இரிடியம் கலசம் என்னும் புதுப்பெயர் பூண்டு வருகின்றது. இடி விழுந்த செப்புக்கலம் ஒன்று உண்டாம். அது அரிசியை ஈர்க்குமாம். அயல்நாட்டார் கோடிக்கணக்கில் விலை தருவராம். இதற்கு 'ரைஸ் புல்லிங்' என்று பெயரும் சூட்டியுள்ளனர். இரிடியம் என்பது பிளாட்டினத்தின் இனத்தைச் சேர்ந்த உலோகம். அது அரிசியை ஈர்க்காது. கலத்துக்குள் காந்தத்தை மறைத்து, அரிசியில் இரும்புத்தூளைப் பூசிக் காட்டும் வித்தையே இது. நாம் அறிந்த ஓர் ஊரில், காலணித் தொழிற்சாலையில் எட்டாண்டு உழைத்துத் தங்கையின் திருமணத்துக்கென ஓர் இளைஞர் சேர்த்த தொகை முழுவதும் ஒரே இரவில் இவ்வாறு போயிற்று. அவர் காவல் நிலையத்துக்கும் செல்லவில்லை. பேராசைக்காரன் என்று ஊர் நகைக்குமே என அஞ்சினார். ஏய்ப்போருக்குக் காவலாக நிற்பது இந்த நாணமே. ஏமாந்தவரை எள்ளி நகையாடாதீர்கள். உடன் சென்று புகார் எழுதிக் கொடுங்கள்.

மெய்யாகவே மண்ணிலிருந்து ஏதேனும் கிடைத்தால் என்ன செய்வது? அதற்குச் சட்டம் இருக்கின்றது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் அதனை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். அதற்கு உரியவர் எவரும் இல்லையெனத் தீர்மானமாகி, கண்டெடுத்தவருக்கும் நிலவுடைமையாளருக்கும் இடையே உடன்பாடு ஏதுமில்லையெனில், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலவுடைமையாளருக்கு ஒரு பங்கும் என்று அச்சட்டம் வகுத்துள்ளது. மறைத்தவர் தம் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் ஆளாவர். கதையில் கண்டவன் பேச்சற்றுப் போகிறான். சட்டமோ கண்டவனையே முதலிற் பேசச் சொல்கின்றது. இந்த வேறுபாட்டை நம் உழவுத் தொழிலாளர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

உடைக்கப்பட்ட கற்கள்

புதையல் வேட்டையால் நேரும் மற்றொரு கேடு கற்களுக்கு நேர்வது. சவ்வாது மலையில் பெரும் பலகைக் கற்களால் அமைந்த கல்லறைகளைக் குள்ளர் குகை என்று மக்கள் அழைப்பர். குள்ளர்கள் அங்கே பொன்னை வைத்துச் சென்றனர் என எண்ணிச் சிலர் அவற்றைத் தோண்டுகின்றனர். அவை பெருங்கற்கால மக்களின் ஈமச்சின்னங்கள். திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கிடைத்தவை யாவை? கற்கோடரிகள், இரும்பு உருக்கிய தடயங்கள், கருகிய கொள்ளும் கேழ்வரகும். பல்லாயிரம் ஆண்டுக்கு முன் இம்மண்ணில் வாழ்ந்தோர் உண்டது நம் வீட்டுக் களியின் தானியமே. இதனைவிட நெருங்கிய புதையல் நமக்கு வேறென்ன வேண்டும்?

நடுகற்களின் நிலையும் இதுவே. ஆநிரை காக்கும் போரில் வீழ்ந்த வீரர்க்கு எடுக்கப்பட்டவை அவை. ஆம்பூரிலேயே பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் இவ்வூரின் பெயர் ஆமையூர் என்று காணப்படுகின்றது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் நூலாகவே வெளியிட்டது. அவ்வட்டாரத்தின் எடுத்தனூரில் வீரனோடு கோவிவன் என்னும் நாய்க்கும் கல்லில் இடம் கிடைத்திருக்கின்றது. நாயின் பெயரையும் மறவாமல் எழுதிய கல்லை, அடியில் பொன் இருக்கும் என்று கடப்பாரையால் பெயர்க்கலாமா? நம் இளமையில் ஏரிக்கரையொன்றில் அத்தகைய கல் ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்ததைக் கண்டோம். அடியில் பொன்னும் இல்லை; மேலே இருந்த எழுத்தும் போயிற்று. அதில் எவர் பெயர் இருந்ததோ, இனி எவரும் படிக்க இயலாது.

நாம் தேட வேண்டிய புதையல்

அவ்வாறாயின் நாம் தேடத்தக்க புதையல் ஒன்றும் இல்லையா? இரண்டு உண்டு.

முதலாவது ஓலையும் தாளும். பண்டிதர் அயோத்திதாசர் தம் பாட்டனார் கந்தப்பன் வரலாற்றை எழுதியுள்ளார். ஆங்கிலேயரிடம் பணிபுரிந்த கந்தப்பன், தம் இல்லத்தில் காத்துவைத்திருந்த திருக்குறள் முதலிய ஏடுகளைத் தம் துரை வழியாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்பது அச்செய்தி. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டவர் வீட்டுப் பரணில் வள்ளுவர் இருந்தார் என்பதைவிடப் பெரிய புதையல் கதை தமிழில் வேறில்லை. அப்பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழும் பின்னர் மறக்கப்பட்டது. தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் திருப்பத்தூரிலும் அவர் வழி நின்றோர் இருந்தனர். பழைய இதழ்களை எடைக்குப் போட்டுவிடாமல் காத்தோர் இருந்தமையாலேயே, 1999இல் ஞான. அலாய்சியஸ் அவர்கள் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்து வெளியிட இயன்றது. உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய துண்டறிக்கை, சங்க இரசீது, சுரங்கப் பணிச்சீட்டு ஆகியவற்றைக் குப்பையென்று எண்ணாதீர்கள்.

இரண்டாவது நிலம். 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் நம் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். சென்னை மாகாணத்தில் 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு அளிக்கப்பட்டதாகப் பரவலாகக் கூறுவர். பத்தாண்டுகளுக்கு எவருக்கும் விற்றலாகாது. அதன்பின் விற்பினும் ஒடுக்கப்பட்டோர்க்கே விற்றல் வேண்டும் என்பது நிபந்தனை. எனினும் அந்நிலத்தின் பெரும்பகுதி இன்று பிறர் கையில் உள்ளது. கடனுக்கும் மிரட்டலுக்கும் கைநாட்டுக்கும் அது போயிற்று. 1994இல் காரணை பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர்நீத்தனர். இங்கும் குருதி கேட்கப்பட்டது. ஆனால் கேட்டது பூதமன்று.

இப்புதையலைக் கண்டறிய மையும் வேண்டா, மாந்திரீகரும் வேண்டா. வட்டாட்சியர் அலுவலகத்து 'அ' பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் பாருங்கள். ஒடுக்கப்பட்டோர்க்கு அளித்த நிலமெனக் குறிப்பு இருக்கும் புல எண்களை எழுதிக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி செய்கின்றது. கைநாட்டு இட்டு இழந்ததைக் கையெழுத்திட்டுக் கேட்பதற்கே இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பித்தது.

நிறைவாக

இவ்விழாவை ஒட்டி மூன்று பணிகளை இளைஞர்கள் ஏற்குமாறு வேண்டுகின்றோம். முதியோரிடம் சென்று புதையல் கதைகளை அவர்கள் சொல்லும் சொல்லாலேயே எழுதி வாருங்கள்; சொன்னவர் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் நிற்கும் எழுத்துடைய கற்களைப் படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். ஊர்தோறும் நம் மக்கள் பெயரில் இருந்த நிலத்தின் பட்டியலைத் தொகுங்கள். இம்மூன்றையும் சங்கத்தின் நூலகத்தில் ஓர் அலமாரியில் வைப்போம். வெள்ளிவிழாவில் தொடங்கும் அப்பணி பொன்விழாவுக்குள் ஓரளவேனும் நிறைவேறட்டும்.

இச்சங்கத்தின் முதல் நிதி எங்கிருந்து வந்தது என்பதைப் பெரியோர் அறிவர். தோல் பதனிடும் ஆலைகளில் உழைத்தோர் வாரக் கூலியிலிருந்து எடுத்துத் தந்த சில்லறையே அது. அவர்களுக்கும் மண்ணுக்கடியில் உருளும் கொப்பரையின் கதை தெரியும். எனினும் அவர்கள் தலைச்சன் பிள்ளையைப் பூதத்துக்குத் தரவில்லை; சிலேட்டைக் கையில் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினர். அப்பிள்ளைகளுள் ஒருவராகவே நாம் இங்கு நின்று பேசுகின்றோம்.